ரவுண்டானா மருதை

மருதை தலைக்கவசத்தின் மேல் ஏறி நிற்கிறார். இரண்டு காலும் அதன் மேல்தான். கைகளைப் பக்கவாட்டில் விரித்துச் சமாளித்துக்கொள்கிறார். கவசம் அசையவில்லை. "பாத்துக்கங்க சார். முழு ஆளு நிக்கிறேன். ஒரு கீறல் உழுந்திருக்கா பாருங்க." வாங்க வந்தவர் குனிந்து பார்க்கிறார். கீறல் இல்லை. மருதை இறங்கி, அதைத் துண்டால் துடைத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வாங்க வந்தவருக்கு வேறொன்றை எடுத்து நீட்டுகிறார்.

ஏறி நிற்பதற்கென்று ஒன்று தனியாக இருக்கிறது. கறுப்பு நிறம், பழையது. அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அதையும் விற்பனைக்கு இருந்த ஒன்றையும் இரு கைகளில் தூக்கிப் பார்த்தேன். விற்பனைக்கு இருந்தது பாதி எடைகூட இல்லை. திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "அது விக்கிறதுக்கு இல்ல மேடம். அது நமக்குச் சாமி மாதிரி" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஐம்பதைத் தாண்டியவர். மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஊர். அங்கே அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு விட்டுப்போனதும் இந்த வியாபாரத்துக்கு வந்தார். "அப்பவும் தலைதான் சோறு போட்டுச்சு, இப்பவும் தலைதான் போடுது. என்னா, அப்ப என் தலை. இப்ப அடுத்தவன் தலை." காலையில் டவுன் பஸ்ஸில் வருவார். இருட்டுவதற்குள் டவுன் பஸ்ஸிலேயே போய்விடுவார். இருசக்கர வாகனத்தில் ஏறமாட்டார். யாராவது கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "வேணாங்க, நான் பாத்தது போதும்" என்பார்.

யாரையும் முகத்தால் ஞாபகம் வைப்பதில்லை. தலையால்தான். எதிர்வரிசை மருந்துக்கடை ஹபீபுல்லா அவருக்குச் 'சின்னப் பூசணி'. போக்குவரத்துக் காவலர் பிராங்க்ளின் 'நெட்டுத் தேங்கா'. நான் முதல் நாள் போய் நின்றபோது என் தலையைத்தான் சுற்றிவந்து பார்த்தார். "மீடியம். கொண்ட போட்டா லார்ஜு." அளவு நாடா எதுவும் அவரிடம் கிடையாது. தவறுவதும் உண்டு. தவறினால் தலையைக் குறை சொல்வார்.

சாப்பாட்டு டப்பா ஒரு கவசத்துக்குள். செல்போன் ஒன்றுக்குள். சில்லறை ஒன்றுக்குள். மத்தியானம் அரைமணி நேரம் படுப்பார், ஒன்றைத் தலைக்கு வைத்துக்கொண்டு. போட்டுப் பார்க்கிறேன் என்று வருபவர்களில் எண்ணெய்த் தலைக்காரர்களை அவருக்குப் பிடிக்காது. புது நோட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், பழைய நோட்டை முகர்ந்து பார்ப்பார். போனில் அனுப்பிய பணம் வந்துவிட்டது என்று ஒலிப்பெட்டி பேசினாலும் நம்பாமல், வாங்கியவரின் போனையும் எட்டிப் பார்ப்பார். "பொட்டிக்கு என்னா, அது பொம்பளக் கொரல்ல என்ன வேணாலும் சொல்லும்."

அவர் கடை இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். காவிரிப் பாலம் இறங்கித் தில்லை நகர்ப் பக்கம் வரும் வழியில் சங்கிலித்தோப்பு என்ற ரவுண்டானா இருந்தது. நடுவில் வட்ட மேடை. மேடைமேல் தண்ணீர் வராத நீரூற்று. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு அரளி. ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவருக்கு அந்த அரளிக்கு அப்பால் இருக்கும் சாலை தெரியாது. அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். மரத்தடியில்தான் தலைக்கவசச் சோதனைக்குப் போலீஸ் நிற்கும். ரவுண்டானாவின் இடது ஓரத்தில் நீலத் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த மருதைக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

வெறுந்தலையோடு வருபவரைக் கண்டதும் மருதை தன் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். இதற்கு விளக்கம் தேவையில்லை. முன்னால் போலீஸ் நிற்கிறது என்று பொருள். கண்ணாடியில் தொங்கியவை, முழங்கையில் மாட்டியவை, பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தவை எல்லாம் அந்த வளைவிலேயே தலைக்கு ஏறும். கவசமே இல்லாதவர் மருதையின் தார்ப்பாய் ஓரமாக வண்டியை ஒதுக்குவார்.

வாடிக்கையாக அந்த வழியே போகிறவர்கள் அவரிடம் கேட்டுக்கொண்டே போவார்கள். வேகத்தைக் குறைத்து, தங்கள் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் புருவத்தை உயர்த்துவார்கள். நிற்குதா என்று கேள்வி. நின்றால் தட்டு. நிற்கவில்லை என்றால் உள்ளங்கையை விரித்து ஆட்ட வேண்டும். நான் அங்கே வேலை பார்த்த நாட்களில் மருதை கையை விரித்து ஆட்டி ஒருமுறையும் பார்த்ததில்லை. மரத்தடியில் ஈ காக்கை இல்லாதபோதும் தட்டுவார்.

"ஏண்ணே, அங்கதான் யாருமே இல்லையே?"

"இப்ப இல்ல மேடம். வந்துட்டா?"

நான் சாலைப் பொறியாளர். ரவுண்டானாவை எடுத்துவிட்டுச் சிக்னல் வைப்பதற்கான அளவெடுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். போன ஆடிப்பெருக்கன்று காலையில் அந்த ரவுண்டானாவில்தான் என் அப்பா இறந்தார்.

ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு தில்லை நகருக்குக் கிளம்பியவர். வீட்டில் எலுமிச்சை சாதமும் புளிசாதமும் கிளறித் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பத்தில் ஏறியவர். ஒருநாளும் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஏறியதில்லை என்பார். ஆனால் தலைக்கவசத்தை இடது கண்ணாடியில் மாட்டித்தான் வண்டி ஓட்டுவார். வண்டியோடு அதையும் ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்தார்கள். வண்டியின் முன்பக்கம் நொறுங்கியிருந்தது. கவசம் புதிது போல இருந்தது.

ஹபீபுல்லா கடைக் கேமராவில் பதிவானதை நான் பார்த்திருக்கிறேன். பலமுறை. அப்பா வட்டத்துக்குள் நுழைகிறார். வேகம் அதிகமில்லை. இடது பக்கம் ஒரு முறை பார்க்கிறார். உடனே இடது கையைப் பிடியிலிருந்து எடுத்துக் கண்ணாடியை நோக்கி நீட்டுகிறார். வண்டி ஆடுகிறது. பின்னால் வந்த மினி லாரிக்கு இடம் போதவில்லை. அந்தக் கேமராவில் மருதை விழமாட்டார். தார்ப்பாயின் ஒரு மூலை மட்டும் நீலமாகத் தெரியும்.

அப்பாதான் நிதானம் இழந்தார் என்று போலீஸில் பதிவு செய்திருந்தார்கள். நிதானம் காரணமில்லாமல் போகாது. வீட்டிலிருந்து அதுவரை கண்ணாடியில் கிடந்த கவசத்தை அந்த வளைவில், அந்த நொடியில் எடுக்க ஏன் தோன்றியது?

பிராங்க்ளினிடம் கேட்டேன். அன்று மரத்தடியில் சோதனை நடந்ததா?

"ஆடிப் பதினெட்டு அன்னிக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. மொத்த ஸ்டேஷனும் அம்மா மண்டபத்துலயும் படித்துறையிலயும் நிக்கிறோம். ஆத்துல எறங்குற சனத்தப் புடிக்கவே ஆளு பத்தல. ஹெல்மெட்டப் புடிக்க ஆளுக்கு எங்க போறது?"

அப்படியானால் போலீஸ் இல்லை. தட்டியிருந்தால் அது வியாபாரத்துக்கான தட்டு. தட்டினாரா என்பதற்குத்தான் சாட்சி இல்லை. சாட்சி மருதை ஒருவர்தான்.

நான் யார் என்று அவருக்குச் சொல்லவில்லை. அருகிலேயே முக்காலியை நட்டுக் கருவியை வைத்துக்கொண்டேன். அவர் விற்பதைக் கேட்டேன். அவர் விற்கும் முறையே அந்த மரணம்தான்.

கல்லூரிப் பையன்கள் வந்தால்: "போன ஆடில இதே எடத்துலதான் தம்பி. ஒங்க வயசுதான். மூணாவது வருசம் படிச்சிட்டிருந்தான். ஹெல்மெட்ட வீட்டுல வெச்சிட்டு வந்துட்டான்."

கைக்குழந்தையோடு தம்பதி வந்தால்: "புள்ளய முன்னாடி உக்கார வெச்சிருந்தாரு. புள்ளைக்கு ஒண்ணும் ஆவல, சாமி புண்ணியம். அவருதான்... ஹெல்மெட் வீட்டுல இருக்கு."

வயதானவர் வந்தால் மட்டும் உண்மைக்குப் பக்கத்தில் வருவார்: "பெரியவருங்க. ஒங்களாட்டம் வேட்டி சட்ட. என்னா நிதானமா வந்தாரு தெரியுமா? ஹெல்மெட்டு மட்டும் வீட்டுல."

அப்பா அன்று பேண்ட் போட்டிருந்தார். அதை நான் திருத்தவில்லை. மருதையின் கதையில் வயது மாறும், உடை மாறும், வண்டி மாறும். லாரி சிலநேரம் பஸ் ஆகும். இரண்டு மட்டும் மாறாது. செத்தவரிடம் கவசமே இருக்காது. மருதையும் அந்த இடத்தில் இருக்கமாட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்ததாகத்தான் எப்போதும் சொல்வார். எங்கிருந்து ஓடிவந்தார்? அவருடைய தார்ப்பாய் அங்கேதான் கிடந்தது.

ஹபீபுல்லா கடை வாசலில் நின்று அவரைச் சீண்டுவார். "யோவ் மருதை, உன் ஹெல்மெட்டப் போட்டவன் பூரா என் கடைக்குத்தான்யா பஞ்சு வாங்க வரான்."

"போடாதவன் ஒங்க கடைக்குக்கூட வரமாட்டான் பாய். நேரா ஓயாமரிதான்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஓயாமரி எங்கள் ஊர்ச் சுடுகாடு. அப்பாவை அங்கேதான் கொண்டுபோனோம். நான் கருவியின் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் அவரைச் சந்தேகப்பட்டது போலவே அவரும் என்னைச் சந்தேகப்பட்டார். காரணம் வேறு. இடத்தைக் காலி செய்யவைக்க வந்த ஆள் நான் என்பது அவர் முடிவு. முதலில் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். பிறகு என் உதவியாளர் சுண்ணாம்பால் போட்ட குறிகளைக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காம சொல்லணும். அந்தக் கோடு எங்கூட்டுப் பாயி மேல போவுதா, பக்கத்துல போவுதா?"

"இன்னும் முடிவாகலைண்ணே."

"முடிவாவலன்னா போவுதுன்னு அர்த்தம்."

போனது. இடதுபுறம் நிற்காமல் திரும்பும் வண்டிகளுக்கான தடம் சரியாகத் தார்ப்பாயின் மேல் விழுந்தது. விதிப்படி வேறு எங்கும் அது விழ முடியாது. வரைபடத்தில் அந்தக் கோட்டை நானே போட்டேன். சரிபார்த்த மேலதிகாரியும் எதையும் மாற்றவில்லை.

மார்கழியில் நீரூற்றை இடித்தார்கள். அரளியை வேரோடு பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். அன்று மத்தியானம் மருதை படுக்கவில்லை. மேடை இருந்த இடத்தின் வழியாக அந்தப் பக்கத்துச் சாலை முதல்முறையாக முழுதாகத் தெரிந்தது. தூங்குமூஞ்சி மரமும் தெரிந்தது. மரத்தடியில் பிராங்க்ளின் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"போச்சு. எல்லாம் அம்மணமா நிக்கிது" என்றார் மருதை.

சிக்னல் கம்பங்கள் வந்தன. மருதை கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இதை இயக்கும் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டார். ஆள் இல்லை, தானாக இயங்கும் என்றேன். நம்பவில்லை. பச்சை எரியும் நேரத்தைத் தன் மூச்சுக்கு எண்ணிப் பார்த்தார்.

"பாலத்துப் பக்கம் உள்ளவனுக்குக் கூட நேரம் குடுக்குது மேடம். இந்தப் பக்கம் கம்மி."

"அங்க வண்டி அதிகம்ணே. அதனால கூட."

"அப்ப அவனுக்குச் சொந்தக்காரன் எவனோ உள்ள இருக்கான்."

பழைய இடம் தாருக்கு அடியில் போன பிறகு, அவர் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய் நிறுத்தக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்த நடைபாதையில் விரித்தார். அவரை யாரும் எழுப்பவில்லை. வியாபாரம் கூடியது. முன்பு வண்டிகள் அவரைக் கடந்து ஓடின. இப்போது சிவப்பில் அவர் முன்னால் வரிசையாக நின்றன. தட்ட வேண்டிய தேவையே இல்லை. நின்ற தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "மீடியம் சார். உங்களுக்கு லார்ஜுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஆனாலும் பழைய ஆட்கள் பழக்கம் விடாமல் தலையைத் தட்டிக் கேட்டார்கள். அவரும் விடாமல் தட்டினார்.

சிக்னல் நேரத்தைத் திருத்துவதற்காகப் போன வாரம் ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன். வேலை முடிந்ததும் அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஓர் இளைஞனிடம் பேரம் முடித்துக்கொண்டிருந்தார். அன்றைய கதையில் செத்தவருக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கவசம் வழக்கம்போல வீட்டில். இளைஞன் பணம் கொடுத்து, புதுக் கவசத்தை வாங்கி, இடது கண்ணாடியில் மாட்டிவிட்டு வண்டியை உதைத்தான்.

மருதை நடைபாதையிலிருந்து குதித்தார். இடுப்புப் போன மனிதர் குதித்து நான் பார்த்தது அன்றுதான்.

"தம்பி! தம்பி! கண்ணாடில மாட்டாதப்பா! தலையில போடு! அந்தப் பெரியவரு அப்படித்தான், வளையிறப்ப ஒத்தக் கைய விட்டு அத எடுக்கப் போயி..."

நிறுத்திக்கொண்டார். இளைஞன் முகம் சுளித்தான். "யாரு பெரியவரு? கல்யாணமாகி ஆறு மாசம்னீங்க?" பச்சை விழுந்ததும் கவசத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

மருதை திரும்பி வந்து, அடுக்கியிருந்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"எடுக்கப் போனாருன்னா, அவர்கிட்ட ஹெல்மெட் இருந்துச்சாண்ணே?" என்றேன்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க மேடம்."

"ஆளாளுக்குச் சொல்றது இருக்கட்டும். நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க போவேன். இங்கதான் கெடக்குறேன்."

"எதுக்குத் திடீர்னு எடுத்தாரு?"

"போலீஸ் நின்னிருக்கும்."

"நின்னிருக்குமா? நின்னுச்சா?"

அவர் நிமிர்ந்தார். எரிச்சலாகத்தான் கேட்டார். "ஒங்களுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்? வெளக்கு வெக்க வந்தீங்க, வெச்சீங்க, நல்லா இருக்கு. செத்தவரு யாரோ, எவரோ..."

"எங்கப்பா."

ஒரு கவசத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தது. மருதை என் முகத்தைப் பார்த்தார். வேறு ஒருவருடைய முகத்தை அதில் தேடுவது போல நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தார். எதிர்வரிசையில் ஹபீபுல்லா யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பாலத்திலிருந்து இறங்கிய வண்டிகள் ஒவ்வொன்றாகச் சிவப்புக்கு நின்றன.

"கோவத்துல கேக்கலைண்ணே. வேற யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். எனக்குத் தெரியணும். அன்னைக்கு அங்க போலீஸ் நின்னுச்சா?"

அவர் துண்டைக் கீழே வைத்தார்.

நிறுத்தக்கோட்டில் வெறுந்தலையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முழங்கையில் கவசம். மருதைக்குத் தெரிந்த ஆள் போல. "ண்ணே!" என்று கூப்பிட்டு, தன் தலையில் ஒரு தட்டுத் தட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

மருதையின் வலது கை எழுந்தது. தலைக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். பாதியில் நின்றது. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், உள்ளங்கையை விரித்து, இல்லை என்று ஆட்டினார்.

"சரிண்ணே" என்றார் அந்த ஆள். பச்சை விழுந்தது. கவசம் முழங்கையில் ஆட, வெறுந்தலையோடு அவர் போனார். பின்னாலிருந்த வண்டிகளும் போயின. மருதையின் கை என்னைப் பார்த்து இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.